வெட்டுப்பட்ட கிழங்கு

“சாமி, இத்தனையும் உங்கள் கைவேலையா?”

கேட்டவன் ஃபின்டன். அயர்லாந்தின் மேற்குக் கரையில், வாத்துகூடக் குடை கேட்கும் மழைச்சீமையில், கோர்மாக் சாமியார் மடத்துச் சீடன். வயது ஐம்பது. கிழங்கு தோண்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

சாமியாரின் தட்டில் அவித்த உருளைக்கிழங்கு மலைபோலக் கிடந்தது. எல்லாம் மண்வெட்டி பட்டுப் பிளந்தவை.

“கை நடுங்குகிறதப்பா,” என்றார் சாமியார்.

“தோண்டினீர்களா, சண்டைக்குப் போனீர்களா?” என்றான் சமையல்கார மாலக்கி.

பந்தியே சிரித்தது. ஃபின்டன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

அந்த மடத்து வழக்கம் அப்படி. முழுக்கிழங்கு குழிக்குப் போகும். வைக்கோல் பரப்பி மண் மூடினால், குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. வெட்டுப்பட்டது அன்றைக்கே பானைக்கு. யார் வெட்டினாரோ அவர் தட்டில்தான் விழும். வெட்டாதவனுக்குக் கஞ்சி.

“ஃபின்டன் தட்டைப் பாருங்கள், வெறும் கஞ்சி! கெட்டிக்காரனய்யா நீ,” என்றான் மாலக்கி.

ஃபின்டன் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான்.

தான் வெட்டியதையெல்லாம் ஃபின்டன் குழிக்குள், முழுக்கிழங்குக்கு அடியில் செருகியிருந்தான். வெட்டுப்பட்டது அழுகும். அழுகல் பக்கத்துக் கிழங்கைப் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்குள் குழியே கூழாகி, மடமே பட்டினி கிடக்கும். அவனுக்கா தெரியாது?

மண் மூடுவது நாளைக் காலை. அதற்குள் எடுத்துவிடலாம்.

“மோர் கொண்டு வருகிறேன்,” என்று எழுந்து போனான்.

குழியருகே மண்டியிட்டு வைக்கோலை விலக்கினான். தோள்வரை கையை விட்டுத் துழாவினான்.

வெட்டுப்பட்டது ஒன்றுகூட இல்லை. எல்லாம் முழுசு, முட்டை மாதிரி.

மோர் இல்லாமல் திரும்பி வந்தான். சாமியாரின் தட்டை இப்போதுதான் உற்றுப் பார்த்தான்.

அவனுடைய மண்வெட்டியின் அலகில் ஒரு சிறு உடைசல் உண்டு. அது வெட்டிய இடத்தில் ஒரு வரி மேடாக நிற்கும்.

தட்டில் ஒவ்வொரு துண்டிலும் அந்த வரி.

சாமியார் உப்பைத் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். “தட்டில் ஒரு பட்டாளமே விழுந்து கிடக்கிறது, சாமி!” என்றான் மாலக்கி. மறுபடியும் சிரிப்பு.

ஃபின்டனுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

“சாமி... அந்தத் தட்டு என்னுடையது.”

“மெதுவாகச் சொல்,” என்றார் சாமியார். “அவர்கள் இன்னும் என்னைப் பார்த்துச் சிரித்து முடிக்கவில்லை.”