வாசல் பூதமும் பரீட்சைச் சீட்டும்

ஒரு ஊர்ல ஒரு நர்சிங் காலேஜ். அங்க ஒரு கம்ப்யூட்டர். அதோட வாசல்ல ஒரு பூதம் உட்கார்ந்திருந்துச்சாம். ம் சொல்லு.

"ம்."

யாராவது போன்ல எதையாவது கேட்டா, பூதத்துக்கு டொக் டொக்குனு கேக்கும். ஆனா அதுக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்குற மரகதவல்லி எழுதி வச்ச காகிதத்தை எடுக்கும். 'ஓட்டலாம்'னு முத்திரை இருந்தா ஒரு குட்டிப் பூதத்தை எழுப்பும். குட்டி அதுல உள்ளபடி செஞ்சு, பதிலைக் கொடுத்துட்டு புஸ்ஸுனு மறைஞ்சிடும். அடுத்த ஆளுக்கு அடுத்த குட்டி.

அன்னைக்குப் பரீட்சைச் சீட்டு கொடுக்க மரகதவல்லி புதுக் காகிதம் எழுதி வச்சிருந்தா. அஞ்சு மணிக்கு வாசல் மூடிடும். சீட்டு இல்லேன்னா மறுநாள் பரீட்சைக்குள்ள விடமாட்டாங்க. நாலரைக்கு மரகதவல்லிக்குக் கிர்ர்ருனு போன். பாக்கியசீலின்னு ஒரு பொண்ணு, பரீட்சை எழுதப் போறவ.

"அக்கா, சீட்டு கேட்டா, 'பேரை வாங்கு, நம்பரைத் தேடு'ன்னு வருது. நானா தேடணும்?"

"அய்யய்யோ!" மரகதவல்லி முத்திரை குத்த மறந்துட்டா. முத்திரை இல்லாததால பூதம் காகிதத்தையே தூக்கி நீட்டிடுச்சு! டப்புனு குத்தினா.

அப்புறம் குட்டி தடதடன்னு ஓடுச்சு. 'நம்பர் நோட்டு என் வீட்டு மேசையில'ன்னு காகிதத்துல இருந்துச்சு. வீட்டுல எழுதிப் பார்த்ததை அவ அப்படியே கொண்டுவந்து வச்சுட்டா. காலேஜ்ல அவ வீட்டு மேசை ஏது? குட்டி திருதிருன்னு முழிச்சுது.

"'உள்ளே கோளாறு'ன்னு வருதுக்கா. உங்க தங்கச்சியா இருந்தா இப்படி அலைய விடுவீங்களா?"

"இரும்மா, திட்டாத." நோட்டு இருக்குற இடத்தை மாத்தி எழுதினா.

அப்போ குட்டி சீட்டோட வந்துச்சு. பெரிய பூதம் மறிச்சுடுச்சு. மறுபடியும் கோளாறு! மணி அஞ்சாக ரெண்டு நிமிஷம். மரகதவல்லி, பூதம் முணுமுணுத்து எழுதுற குறிப்பேட்டைத் தொறந்தா. 'கொண்டுவந்தது என்னன்னு முதல்ல சொல்லணும். ஒரு வரி சும்மா விடணும். அப்புறம்தான் சீட்டு. நீ எல்லாத்தையும் சேர்த்துக் கொட்டுனா நான் எதைன்னு எடுத்துக் கொடுக்க?'

காகிதத்துல 'இது சீட்டு'ன்னு சொல்ற வரி இருந்துச்சு, நடுவுல சும்மா வரிதான் இல்ல. மரகதவல்லி அங்க ஒரே ஒரு தட்டு தட்டினா. டக்!

"வந்துடுச்சுக்கா! வந்துடுச்சு! இப்ப என்ன எழுதுனீங்க?"

"ஒண்ணுமே எழுதலடி. அதைத்தான் அது கேட்டுச்சு."

என்ன, ம் சத்தத்தைக் காணோம்? சரி, கதை அவ்வளவுதான். போர்வையை இழுத்துக்கோ.