முதுகில் ஏறிய சூடு

"அம்மா, அது என்னை விட்டுப் போயிட்டுது" என்றார் அருளம்பலம்.

"எது?"

"சூடு. தியானத்தில இருக்கேக்க முதுகில ஏறுற சூடு. பன்னிரண்டு வருசமா இருந்தது. இந்த மாசம் ஒண்டுமில்லை."

சொல்லிவிட்டு அழுதார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அறுபத்தெட்டு வயது மனிதர். மனைவி இறந்த பிறகு அந்தச் சூட்டைக் கடவுளின் அருள் என்று பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருந்தார். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டது வேறு கதை.

அவர் அம்மா என்று அழைக்கும் குரு யோகாம்பிகை அவரைவிட இருபது வயது இளையவர்.

"நீங்கள் தியானத்தில இருக்கிற இடத்தைக் காட்டுங்கோ."

வட இங்கிலாந்தில் ஒரு மலைச்சரிவுத் தெரு. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆலைத் தொழிலாளருக்குக் கட்டிய கல்வீடுகள், ஒரே வரிசையில் பதினெட்டு. ஆலைப்புகையில் கறுத்த கல். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அந்தச் சுவரில், குளிருக்கு நெருப்பு மூட்டும் இரண்டு வீட்டுக் கணப்புகளும் முதுகோடு முதுகாக இருந்தன.

அருளம்பலம் தன் கணப்பைப் பலகையால் மூடி, அதில் சாய்ந்துதான் தினமும் காலையில் தியானம் செய்வார்.

குரு அந்தச் சுவரில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது.

"பக்கத்து வீட்டில ஆர்?"

"ஒரு வெள்ளைக்காரக் கிழவி. தனிய."

"பேர்?"

"தெரியாது. கண்டா தலையாட்டுவா."

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

அருளம்பலத்துக்கு நினைவில்லை.

இருவரும் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்தாள்.

"ஈடித்தைத்தான் தேடுகிறீர்களா? அடக்கம் முடிந்து மூன்று வாரமாகிறது. சேர்ச்சுக்கு நாலு பேர்தான் வந்தார்கள்."

பிறகு அருளம்பலத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீங்கள்தானே அந்தப் பக்கத்து வீட்டு ஆள்? பாவம், நெருப்பே மூட்டாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களைப் பற்றிச் சொல்லுவாள். அதனால்தான் விடிந்ததும் முதல் வேலையாகத் தன் கணப்பை மூட்டிவிடுவாள்."

அருளம்பலம் வீட்டுக்குள் வந்து அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிடத் துக்கமாக இருந்தது.

"இனி நான் எதில சாயுறது, அம்மா?"

குரு மறுபக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரருகே போய்க் காதை வைத்தார்.

"இங்கால ஆரோ இருமுகினம். ஆர் அது?"

"தெரியாது."

குரு அருளம்பலத்தின் குளிர்கோட்டை எடுத்து நீட்டி, வாசல் கதவைத் திறந்தார்.