கூட்டி வகுத்த உப்பு

ஆயுசு முழுக்க மார்க் போட்டே பழகிய தலைமையாசிரியர் வேலாயுதம், ஓய்வு பெற்ற கையோடு மலையடிவார மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தார். குரு அமுதவல்லிக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். குரு இவரை ‘வாத்தியாரய்யா’ என்பார்.

அந்த மடத்தில் சமையலும் ஒரு பாடம். தேறியவர்களுக்குத் தைப்பூசத்தன்று அண்டாக் கரண்டி கிடைக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து அவர்கள் சாம்பாரைச் சாப்பிடும்.

யார் தேறினார்கள் என்று பார்க்கும் வேலை வாத்தியாருக்கு வந்தது. கரும்பு தின்னக் கூலியா! வாராவாரம் ருசி பார்த்து மார்க் போட்டார். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தார். சமையல் பழகிய செவ்வந்தி பெயில்.

“எங்க அப்பா அம்மா பூசத்துக்கு பஸ் ஏறி வராங்களே, என்னன்னு சொல்லுவேன்?” என்று கொல்லைப்புறத்தில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள் அந்தப் பெண்.

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. குருவிடம் போனார்.

“என் கணக்கு தப்பாம்மா?”

“கணக்குல என்ன தப்பு? வாங்க, சாப்பிடலாம்.”

இலை போட்டார் குரு. வாத்தியார் புடலங்காய்ப் பொரியலை வாயில் வைத்தார். உப்பே இல்லை. பூசணிக் கூட்டைத் தொட்டார். உப்புக்கடல்! புரையேறிவிட்டது.

“என்னம்மா இது?”

“பொரியல்ல உப்பில்ல. அந்த உப்பையும் சேர்த்துக் கூட்டுல போட்டுட்டேன். கூட்டி வகுத்துப் பாருங்க, அளவா இருக்கும்.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

“அதுக்காக, அந்தப் பொண்ணு அடிப்பிடிக்க விட்டதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா? முதல் மாசம் அது வச்ச சாம்பார்ல நாய்கூட வாய் வைக்கலையே!”

“மார்க் அப்புறம் பேசலாம். சோறு ஆறுது.” குரு சாம்பார் ஊற்றினார்.

வாத்தியார் பிசைந்து ஒரு வாய் வைத்தார். பேச்சு நின்றது. இரண்டாம் வாய் போனது. விரலை நக்கினார்.

“இத மட்டும் நல்லா வச்சிருக்கீங்களேம்மா. நூத்துக்கு நூறு!”

“நான் வைக்கல. செவ்வந்தி வச்சது.”

வாத்தியார் கை இலையிலேயே நின்றது.

“ஆனா... பழைய மார்க்கு?”

குரு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

“பூசத்தன்னிக்கு எந்தச் சாம்பாரை ஊத்தலாம், வாத்தியாரய்யா? அன்னிக்கு அடிப்பிடிச்சதையா, இன்னிக்கு வச்சதையா?”

வாத்தியார் சோற்றில் குழி பறித்துக் காட்டினார், இன்னொரு கரண்டிக்கு.