ஒரு காலுக்கு மூன்று குற்றவாளிகள்

பரிசுக்காக மூன்று பேர் போட்டியிட்ட கதைகளைக் கேட்டிருப்பீர்கள். இது, ஒரு பெண்ணின் கால் போனதற்கு மூன்று பேர் ‘நான்தான் காரணம்’ என்று வந்து நின்ற கதை. பொறுமையாகக் கேளுங்கள். தீர்ப்பு உங்களுடையது.

மேகமுடி என்ற மலையூரில் குளிர்பானம் குடித்தவர்கள் கண்ணாடிப் பாட்டில்களைத் தேயிலைச் சரிவில் வீசிவிட்டுப் போனார்கள். மாவட்ட நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: கடைக்காரர்கள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க வேண்டும், காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். மூன்றே மாதத்தில் சரிவுகள் சுத்தமாயின.

குளிர்பான கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. தன் பெயரில் வழக்குப் போட்டால் இரக்கம் கிடைக்காது என்று ஒரு சிறு வியாபாரியைத் தேடியது. பேருந்து நிலையத்தில் கடை வைத்திருந்த இருதயராஜ் அகப்பட்டார். கம்பெனி அமர்த்திய வழக்கறிஞர் பத்மலோசனி கடையை நேரில் வந்து பார்த்தார். பின்பக்கம் பெரிய அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதையும் பார்த்தார். ஆனாலும் மனுவில், ‘காலிப் பாட்டில்களை வைக்க என்னிடம் இடமே இல்லை’ என்று எழுதினார்.

“இடம் இருக்கேம்மா?” என்றார் இருதயராஜ்.

“எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. கையெழுத்துப் போடுங்க.”

கம்பெனி சரக்கை நிறுத்திவிடுமோ என்ற பயத்தில் போட்டுவிட்டார். நீதிமன்றம் அதை நம்பி, விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மறுவாரம் வேன் ஓட்டுநர் குணபாலன் காலிப் பாட்டிலோடு கடைக்கு வந்தார்.

“கோர்ட்டு நிறுத்திருச்சுப்பா. இனி வாங்குறதில்ல” என்றார் இருதயராஜ்.

திரும்பும் வழியில், ஒரு வளைவில், குணபாலன் பாட்டிலை ஜன்னல் வழியே வீசினார். கல்லில் பட்டு உடைந்த சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வளைவுக்குக் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தெய்வானையின் குதிகால் நரம்பை அந்தக் கண்ணாடி அறுத்தது. அலறல் கேட்டு வேனை நிறுத்தி, அவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அந்த வழியே வந்த குணபாலன்தான். இனிச் சரிவில் ஏற முடியாது என்று மருத்துவர் சொன்னார். ஏற முடியாதவருக்குத் தோட்டத்தில் வேலை இல்லை.

செய்தி பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் தெய்வானையின் வீட்டில் வந்து நின்றார்கள்.

“வீசினது நான்க்கா” என்று அழுதார் குணபாலன்.

“வாங்காம அவரைத் திருப்பி அனுப்புனது நான். பொய்க்குக் கையெழுத்துப் போட்டதும் நான்” என்றார் இருதயராஜ்.

“அந்தப் பொய்யை எழுதினதே நான்” என்றார் பத்மலோசனி.

தெய்வானை மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பொய்ய கோர்ட்டுல சொல்லிட்டு, மன்னிப்ப மட்டும் எங்கிட்ட கேக்குறீங்க. அங்க போய்ச் சொன்னீங்களா?”



அடுத்த விசாரணையில் இருதயராஜ் தானாகவே எழுந்து நின்று, மனுவில் இருப்பது பொய் என்றார்.

நீதிபதி கேட்டார்: “இது உங்கள் வழக்கறிஞருக்குத் தெரியுமா?”

இருதயராஜ் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் பத்மலோசனி குனிந்திருந்தார்.

“தெரியாதுங்க ஐயா.”

பத்மலோசனி நிமிரவில்லை. தடை நீங்கியது. இருதயராஜுக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது. கம்பெனியும் அவர் கடைக்குச் சரக்கை நிறுத்தியது.

இப்போது சொல்லுங்கள்: மூவரில் யாருடைய குற்றம் பெரிது?

விடை: குணபாலன் கவனமில்லாமல் செய்தார், பிறகு ஓடி வந்து தூக்கினார். இருதயராஜ் பயந்து செய்தார், அதற்கான விலையையும் கொடுத்தார். பத்மலோசனி ஒருவர்தான் பொய் என்று தெரிந்தே, எந்தப் பயமும் இல்லாமல் செய்தார். ஒப்புக்கொண்டால் எதுவும் போகாத தெய்வானையின் வீட்டில் பேசினார், தொழிலே போகக்கூடிய நீதிமன்றத்தில் வாய் திறக்கவில்லை. அவருடைய குற்றமே பெரிது. அவர் இன்றும் வழக்காடுகிறார். அந்த நீதிபதியின் முன் வழக்கு வரும் நாளில் மட்டும், உடம்பு சரியில்லை என்று வேறொருவரை அனுப்பிவிடுகிறார்.