சீயக்காய் பட்ட கண்

தீபாவளிக் காலை. பூலாங்காட்டு ஜமீன்தாரின் ஆறு வயது மகள் வடிவு, எண்ணெய்க் குளியலுக்கு வரமாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நாலு போடு, வருவா. ஆனா அழுகைச் சத்தம் கேட்டுச்சோ, உனக்கு இங்க வேலை இல்லை" என்றார் ஜமீன்தார், புது வேலைக்காரி மருக்கொழுந்திடம்.

அடித்தால் அழாமல் இருப்பாளா? மருக்கொழுந்து குழந்தையிடமே கேட்டாள்.

"சீயக்காய் கண்ணுல எரியுது. சொன்னா, வீம்புங்கிறார் அப்பா."

மருக்கொழுந்து ஜமீன்தார் முன் கைகட்டி நின்றாள். "சாமி, அழாம குளிக்கிறது எப்படின்னு சின்னம்மாவுக்குத் தெரியலையாம். ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"இதென்ன பெரிய வித்தை!" என்று ஜமீன்தார் மணையில் உட்கார்ந்தார். வடிவு இரண்டு கையாலும் சீயக்காயை அள்ளி அவர் தலையில் தேய்த்தாள்.

"ஐயையோ, கண்ணு போச்சே!" அவர் போட்ட கூச்சலில் கூரைப் புறாக்கள் பறந்தன.

"சத்தம் கேட்டுடுச்சே சாமி. எனக்கு வேலை போச்சா?" என்றாள் மருக்கொழுந்து.

"போகலை, முதல்ல துண்டு கொண்டா!"

வடிவு துண்டை மடித்து அவர் கண்மேல் வைத்தாள். "தலையைப் பின்னால சாய்ச்சுக்குங்கப்பா. எரியாது."

மருக்கொழுந்து தண்ணீர் ஊற்ற, ஜமீன்தாருக்கு எரியவில்லை. "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க கேக்கவே இல்லையே."

ஜமீன்தார் மணையை விட்டு எழுந்து செம்பை எடுத்தார். "உட்காரு தாயீ. எப்படி ஊத்தணும்னு நீயே சொல்லு."