கருகிய புல்லும் கேரட் தோட்டமும்

பிலோமி தவளைக்கு எதற்கெடுத்தாலும் பயம். கொக்கின் நிழல் விழுந்தால் பயம். இலை உதிர்ந்தால் பயம். பன்னிரண்டு தலைப்பிரட்டைகளுக்கு அம்மாவான பிறகு கேட்கவே வேண்டாம்! நிமிஷத்துக்கு ஒரு தரம் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பாள்.

அவள் குளம் குளிர்மலைச் சரிவின் அடியில் இருந்தது. சரிவு முழுக்கச் சவரி முயலின் கேரட் தோட்டம். தோட்டத்துக்கும் குளத்துக்கும் நடுவே பத்துத் தாவல் அகலத்துக்கு ஒரு புல்வரிசை. அதில் யாரும் விதைப்பதில்லை, மேய்வதுமில்லை. மழை பெய்தால் தோட்டத்துச் சேறும் சாணி உரமும் கலந்து தண்ணீர் பாய்ந்து வரும். புல்லுக்குள் நுழைந்ததும் அதன் வேகம் அடங்கிவிடும். சேற்றை அங்கேயே விட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் தெளிந்து குளத்தில் இறங்கும்.

ஒரு நாள் காலை உறைபனி படிந்திருந்தது. வெயில் ஏறியதும் பார்த்தால், புல்வரிசை முழுக்கக் கருகிப் பழுப்பாகக் கிடந்தது!

சவரி துள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் கூட்டாளி சூசை முள்ளம்பன்றி.

“பார்த்தியா சூசை! புல் செத்துப்போச்சு! எல்லாத்தையும் தோண்டி எறிஞ்சா இன்னும் நாலு வரிசை கேரட் போடலாம்!”

பிலோமிக்கு எதிர்த்துப் பேசவே பயம். ஆனாலும் கத்தினாள். “வேண்டாம் சவரி அண்ணே! உங்க தோட்டத்துச் சாணித் தண்ணியை அந்தப் புல்தான் பிடிச்சு வைக்குது. அது போனா குளம் நாறிடும்! என் பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டும்!”

“செத்த புல் எதைப் பிடிக்கும்? போன வாரம் மேகத்தைப் பார்த்துப் ‘பருந்து! பருந்து!’ன்னு ஊரைக் கூட்டினவதானே நீ!”

சூசை முட்கள் குலுங்கச் சிரித்தான்.

பிலோமிக்கு முகம் சுருங்கிப்போனது. பருந்து விஷயம் உண்மைதான். இதுவும் அப்படி ஒரு வீண் பயமோ? அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரி, பார்த்துவிடலாம் என்று கரையேறினாள். பகல் வெளிச்சத்தில், அதுவும் இரண்டு பேர் கண்ணெதிரே, அவள் கரையேறியது அதுதான் முதல் தடவை! ஒரு புல் கொத்தின் அடியில் மண்ணைப் பறித்தாள். மேலேதான் பழுப்பு. உள்ளே வெள்ளை வெளேரென்று வேர்!

“சூசை அண்ணே, சிரிச்சது போதும்! இதை இழுத்துப் பாருங்க!”

சூசை பல்லால் கவ்வி இழுத்தான். மூச்சைப் பிடித்து இழுத்தான். புல் வரவில்லை, பல்தான் ஆடியது!

“டேய் சவரி, இது சாகலைடா! குளிருக்கு முடங்கித் தூங்குது. நான் இதில் கை வைக்க மாட்டேன்!”

“நீயும் அந்தப் பயந்தாங்கொள்ளி கட்சியா? போடா, நானே தோண்டுறேன்!”

சாயங்காலத்துக்குள் சவரி பாதிப் புல்லைத் தோண்டித் தள்ளிவிட்டான். மீதியை நாளைக்கு வைத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம், யாரும் எதிர்பாராத மழை! சடசடவென்று கொட்டியது. புல் இருந்த பக்கம் தண்ணீர் தெளிந்து கசிந்தது. தோண்டிய பக்கமோ, அம்மாடி! சேறும் சாணியும் கேரட்டுமாகக் குபுகுபுவென்று குளத்தில் விழுந்தது!

“இந்தப் பக்கம் வாங்க! புல் பக்கம் ஓடி வாங்க!” பிலோமி பிள்ளைகளை விரட்டி விரட்டி ஒதுக்கினாள். எண்ணினாள். பதினொன்று! மறுபடி எண்ணினாள். பதினொன்றேதான்! சின்னவனைக் காணோம்!

அதே நேரம் மேலே ஒரு அலறல். கேரட்டைக் காப்பாற்ற ஓடிவந்த சவரி, சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்தான்.

“ஐயோ, என் தோட்டம்! ஐயோ, நான்!”

அவனுக்கு நீச்சல் தெரியாது.

“புல்லைப் பிடிங்க அண்ணே!”

“அது செத்த...”

“வாயை மூடிட்டுப் பிடிய்யா!” என்று ஒரு போடு போட்டாள் பிலோமி. வாழ்க்கையில் யாரையும் அவள் அப்படி அதட்டியதில்லை!

சவரி இரண்டு கையாலும் கருகிய புல்லைக் கட்டிக்கொண்டான். முழு முயலின் கனத்தையும் தாங்கி நின்றது புல்!

“ஐயையோ, கையில் என்னமோ நெளியுது!” என்று கூவினான்.

ஏறிவந்த தண்ணீரில் அடித்துவரப்பட்டு, புல்லின் நடுவே தெளிந்த குட்டையில் வாலாட்டிக்கொண்டிருந்தான் சின்னவன்!

“பன்னிரண்டு!” என்று பிலோமி கத்தியது மலை உச்சிக்கே கேட்டிருக்கும்.

மழை விட்டது. சவரி காது தொங்க நின்றான். பாதித் தோட்டம் குளத்தின் அடியில் கிடந்தது.

“தங்கச்சி, தோண்டின இடமெல்லாம் திரும்பப் புல் நட்டுடறேன்.”

“நட்டுடுங்க அண்ணே. அடுத்த வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி புல்லோட மேல்பக்கத்தை மட்டும் அறுத்துக்குங்க. இல்லைன்னா அது கருகி அழுகி, அந்தச் சாறும் குளத்துக்குத்தான் வரும். அறுத்ததைக் கேரட் பாத்தி மேல மூடுங்க, பனி தாக்காது. வேரை மட்டும் தொடாதீங்க!”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!”

“நீங்க எங்கே சொல்ல விட்டீங்க!”

சூசை மறுபடியும் முட்கள் குலுங்கச் சிரித்தான். இந்தத் தடவை சவரியைப் பார்த்து!

எச்சரிக்கிறவரின் பயத்தைப் பார்த்துச் சிரிக்காமல், அவர் காட்டுகிற வேரைத்தான் பார்க்க வேண்டும்.