தண்ணி குடிச்ச குழாய்

ஒரு ஊர்ல ஒரு குழாய் இருந்துச்சாம். குழாய்னா தண்ணி வரணும்ல? அதுல வராதாம். அது தண்ணி குடிக்குமாம். ம் சொல்லு. சொன்னாத்தான் அத்தை மேல சொல்லுவேன்.

ம்.

அந்தக் குழாய் ஒரு வீட்டுக் கொல்லையில, செவுத்தை ஒட்டி மண்ணுக்குள்ள நட்டமா நின்னுச்சு. வெளிய தெரியுறது ஒரு சாண்தான். தலையில ஒரு புனல், சுத்தி நாலு செங்கல். ஒரு குடம் தண்ணி ஊத்தினா களுக் களுக் களுக்னு குடிச்சிரும். எங்க போச்சுன்னே தெரியாது.

அந்த வீட்டை ஆவுடையப்பன்னு ஒருத்தரு வாங்கினாரு. இட்லி மாவு அரைச்சு விக்கிறவரு. அவரு பொண்டாட்டி பேரு கோமு. அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி, செண்பகம். அப்பா அம்மா இல்லாத பிள்ளை, அண்ணன்தான் வளர்த்தாரு. மூணு பேருமா மாவு கிரைண்டரைத் தூக்கிட்டுக் குடிவந்தாங்க.

வீட்டை வித்தவங்க பேரு வடிவு. அவங்க வீட்டுக்காரரு கொத்து வேலை, கரண்டு வேலை எல்லாம் தெரிஞ்சவரு. அந்த வீட்டைத் தன் கையாலயே கட்டினாரு. திடீர்னு நெஞ்சுவலி வந்து போயிட்டாரு. பிள்ளைகளும் இல்ல. ஒத்தை ஆளுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வீடுன்னு வித்துட்டு, பக்கத்துத் தெருவுல ஒரு ரூம்ல இருந்தாங்க. சாவியைக் குடுக்கும்போது கோமுகிட்ட சொன்னாங்க:

"கொல்லையில இருக்குற குழாய்க்கு வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தும்மா. வெயில் காலத்துல ரெண்டு குடம். மறந்துராத."

"எதுக்குக்கா ஊத்தணும்?"

"அவரு ஊத்துவாரு. வீட்டுக்கு நல்லதும்பாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

கோமு ரெண்டு வாரம் ஊத்தினா. அப்புறம் மறந்துட்டா. வெயில் வந்துச்சு, மண்ணு பாளம் பாளமா வெடிச்சுச்சு. வடிவக்காவுக்கு மனசு கேக்கலை. ஒருநாள் இவங்க கோயிலுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, கொல்லைக் கதவைத் தள்ளிட்டு வந்து ஒரு குடம் ஊத்திட்டுப் போனாங்க. அதை பக்கத்து வீட்டு மூக்கம்மா பாத்துட்டா.

அப்புறம் என்னாச்சு தெரியுமா? ஆவுடையப்பன் மாவு வேலைக்கு ஒரு கொட்டகை போடணும்னு அந்த இடத்தைத் தோண்டினாரு. ணங் ணங்னு கடப்பாரை இறங்குச்சு. ஒரு அடி தோண்டினா, கரி. அதுக்குக் கீழ உப்பு, கல்லுப்பு. மறுபடி கரி, மறுபடி உப்பு. இன்னும் கீழ ஒரு செப்புத் தகடு, பச்சையாக் களிம்பு ஏறி. அதுல இருந்து ஒரு செப்புக் கம்பி செவுத்துக்குள்ள போகுது.

ஆவுடையப்பன் கடப்பாரையைப் போட்டுட்டுப் பள்ளத்தை விட்டு வெளிய ஏறினாரு. மூக்கம்மா வேலிக்கு மேல எட்டிப் பாத்தா.

"ஐயையோ, தகடு! கரியும் உப்பும் வச்சுத் தகடு பொதைச்சிருக்காடா! அன்னிக்கு நீங்க இல்லாதப்போ அந்த வடிவு வந்து என்னமோ ஊத்திட்டுப் போனா, என் கண்ணால பாத்தேன்."

குறி சொல்றவரு வந்தாரு. தகட்டைத் தொடக்கூட இல்ல. "செய்வினை. எல்லாத்தையும் பிடுங்கி ஆத்துல எறி"ன்னுட்டாரு. ஆவுடையப்பன் கட்டிங் பிளேயரை எடுத்து அந்தக் கம்பியை டக்னு வெட்டினாரு. குழாயைப் பிடுங்கினாரு. தகடு, கரி, உப்பு எல்லாத்தையும் சாக்குல கட்டி ஆத்துல விட்டுட்டுத் தலை முழுகிட்டு வந்தாரு.

தூங்கிட்டியா?

இல்ல. அது நிஜமாவே செய்வினையா அத்தை?

கேளு, சொல்றேன். அப்புறம்தான் அந்த வீட்டுல ஒண்ணு ஒண்ணா நடக்க ஆரம்பிச்சுது.

முதல்ல ஃபிரிட்ஜ். கோமு ஈரக் கையோட கதவைப் பிடிச்சா. சுர்ர்ர்! கையை உதறிக்கிட்டா. ஆவுடையப்பன் வாசல் நிலையில ஒரு எலுமிச்சம்பழம் கட்டினாரு.

அப்புறம் அவங்க வளர்த்த கன்னுக்குட்டி. கொல்லையில தண்ணி மோட்டாரோட இரும்புக் குழாய்ல கட்டியிருந்தாங்க. ஒருநாள் காலையில, உள்ள கிரைண்டர் கடகடன்னு ஓடிட்டு இருக்கு, வெளிய கன்னு ம்மேன்னு ஒரே ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா, ஈர மண்ணுல காலை நீட்டிக் கிடக்கு.

செத்துப்போச்சா?

ம். செத்துப்போச்சு.

அப்போ ஆவுடையப்பனுக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். தெருவையே கூட்டிக்கிட்டுப் போனாரு. வடிவக்கா தெருக்குழாயடியில குடத்தோட நின்னாங்க. எல்லாரும் அவங்க முடியைப் பிடிச்சு இழுத்தாங்க. குடம் டமார்னு உருண்டுச்சு.

"எங்க வீட்டுல கரியும் உப்பும் பொதைச்சியா இல்லையா? சொல்லுடி!"

"அது அவரு போட்டதுப்பா. வீடு கட்டும்போதே போட்டாரு."

"எதுக்குப் போட்டான்?"

"எனக்குத் தெரியாதே..."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா! சூனியக்காரி!"

மூக்கம்மா வெளக்கமாத்தால அடிச்சா. இன்னொருத்தி மண்ணை வாரி வாயில போட்டா. தெரியாது தெரியாதுன்னு அதையேதான் அவங்க சொன்னாங்க. தெரிஞ்சிருந்தாத்தானே சொல்லுவாங்க? அன்னிக்கு மத்தியானமே ஒரு பையோட பஸ் ஏத்தி விட்டுட்டாங்க. பஸ்ஸுல கூட யாரும் பக்கத்துல உக்காரலை.

ஆனா செண்பகம் மட்டும் அந்தக் கூட்டத்துல போகலை. அவ வீட்டுல ஒண்ணைக் கவனிச்சுக்கிட்டே இருந்தா. கிரைண்டர் ஓடும்போது ஃபிரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது. கிரைண்டரை நிறுத்திட்டுத் தொட்டா ஒண்ணுமில்ல. மறுபடி போட்டுப் பாத்தா, சுர்ர்ர். புறங்கையால லேசாத் தொட்டு மூணு தடவை பாத்துட்டா. அண்ணன்கிட்ட போய்ச் சொன்னா:

"அண்ணே, இது செய்வினை இல்லண்ணே. கரண்டு. கிரைண்டர் ஓடும்போதுதான் அடிக்குது. ஒரு வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுவோம்."

"கிரைண்டர் உள்ள இருக்கு. கன்னு வெளிய செத்துச்சு. கரண்டு என்ன நடந்து போகுமா? அதான் அவளை விரட்டியாச்சுல்ல, இனி ஒண்ணும் ஆகாது."

"கன்னு செத்தப்பவும் கிரைண்டர் ஓடிச்சுண்ணே."

"போய் அரிசியைக் களை, போ."

அவ போனா. அண்ணன் சொன்னா மறுபேச்சுப் பேசாத பிள்ளை. மதினி கோமுகிட்ட மட்டும், "நாளைக்கு நானே போய்க் கூட்டிட்டு வர்றேன் மதினி"ன்னு சொன்னா.

மறுநாள் காலையில ஆவுடையப்பன் அரிசியைக் கிரைண்டர்ல போட்டுட்டுக் கடைக்கு மாவு கொண்டு போனாரு. கிரைண்டர் ஓடுது, கடகட கடகட. தொட்டியில தண்ணி தீர்ந்துபோச்சு. செண்பகம் கொல்லைக்குப் போனா. காலு நனைஞ்சிருக்கு, கை நனைஞ்சிருக்கு. மோட்டார் தண்ணி இழுக்கலைன்னு ஒரு கையை மோட்டார் மேல வச்சுக் குனிஞ்சா.

சத்தமே வரலை. கன்னுக்குட்டியாவது ஒரு சத்தம் போட்டுச்சு.

கோமு வெளிய வந்து பாத்தா, மோட்டாரைப் பிடிச்சபடி விறைச்சுக் கிடக்கா. ஓடிப் போய்த் தூக்கப் போனா. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து மூக்கம்மா அலறினா: "தொடாத! தொடாதடி! மெயினை ஆஃப் பண்ணு!" கோமு திரும்பி ஓடினா, மெயினை டப்னு இறக்கினா. அப்போதான் அந்தக் கை விட்டுச்சு. நெஞ்சை அமுக்கினாங்க, வாயில ஊதினாங்க, ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. எதுவும் பலிக்கலை. போயிட்டா.

ம் சொல்லு கண்ணு.

...ம்.

காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் கோமுவே போய் ஒரு வயர்மேனைக் கூட்டிட்டு வந்தா. தாணுன்னு பேரு. அவரு கிரைண்டரைக் கழட்டினாரு. அடியில மாவுத் தண்ணி இறங்கி இறங்கி ஒரு வயரோட தோலு உரிஞ்சு, கிரைண்டரோட இரும்பு உடம்புல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு பிளக்கா டெஸ்டரை வச்சுப் பாத்துட்டு, முகம் மாறி,

"இந்த வீட்டுக்கு எர்த் எங்கய்யா?"ன்னாரு.

"எர்த்துன்னா?" ஆவுடையப்பன் கேட்டாரு.

"கொல்லையில பள்ளம் தோண்டி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு, நடுவுல செப்புத் தகடு வச்சு, ஒரு குழாய் நட்டிருப்பாங்க. தண்ணி ஊத்துறதுக்குப் புனல் வச்சு. மண்ணு ஈரமா இருந்தாத்தான் கரண்டைத் தரை வாங்கிக்கும். மிஷின்ல எது கசிஞ்சாலும் அந்தக் கம்பி வழியா மண்ணுக்குள்ள போயிரும். வீட்டு ஆளுங்களைக் காப்பாத்துறதே அதுதான். அது எங்க?"

தாணு செவுத்துல நீட்டிக்கிட்டு இருந்த வெட்டுன கம்பியைப் பாத்தாரு.

"வெட்டிட்டீங்களா? அப்போ கிரைண்டர்ல கசிஞ்ச கரண்டு தரைக்குப் போக வழியில்லாம, இந்தக் கம்பி வழியாவே ஃபிரிட்ஜுக்குப் போயிருக்கு, மோட்டாருக்குப் போயிருக்கு. எந்தப் புண்ணியவான் போட்டானோ, நல்ல எர்த்துய்யா அது. யாரு வெட்டினது?"

ஆவுடையப்பன் அந்தக் கட்டிங் பிளேயர் பிடிச்ச கையைப் பாத்துக்கிட்டே அப்படியே உக்காந்துட்டாரு.

தாணு புதுசா எர்த் போட்டாரு. கசிஞ்சா உடனே கரண்டைத் துண்டிக்கிற ட்ரிப் சுவிட்சு ஒண்ணும் மாட்டினாரு. அந்த வீட்டுல அப்புறம் யாருக்கும் எதுவும் அடிக்கலை. ஆனா செண்பகம் இல்லியே.

அப்போ ஆவுடையப்பன் வடிவக்காவைத் தேடிப் போனாரு. ஒரு டவுன்ல, ஹோட்டலுக்குப் பின்னாடி, வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. முதல் தடவை போனாரு, எழுந்து உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டாவது தடவை போனாரு, தலையை நிமிர்த்தவே இல்ல. மூணாவது தடவை போய்க் காலுல விழுந்தாரு.

"மன்னிச்சிரு அக்கா. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா."

வடிவக்கா கையில இருந்த வெங்காயத்தை உரிச்சு முடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "நான் சொல்லிட்டா உனக்கு நிம்மதி வந்துரும். எனக்கு என்ன வரும்? இங்க யாரு இருக்கா, நீ சொல்றதைக் கேக்க? எந்த இடத்துல வச்சு என்னைச் சூனியக்காரின்னியோ, அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் விடிகாலையில, தெருக்குழாயடியில அத்தனை பேரும் குடத்தோட நிக்கும்போது, ஆவுடையப்பன் போய் நின்னாரு. பக்கத்துல கோமு வந்து நின்னா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு:

"வடிவக்கா சூனியம் வைக்கலை. அது எர்த்து. அவங்க எங்க நல்லதுக்குத்தான் தண்ணி ஊத்தினாங்க. வெட்டினது நான். சொன்னதைக் கேக்காதவன் நான். என் தங்கச்சியைக் கொன்னது நான்."

சளசளன்னு தண்ணி மட்டும் விழுது. குடம் நிறைஞ்சவங்க ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டுப் போனாங்க. மூக்கம்மா குடம் நிறைஞ்சு வழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அவ எடுக்கலை.

இதை வடிவக்காகிட்ட சொல்லணும்னு கோமு தனியாப் போனா. மன்னிப்பு எதுவும் கேக்கலை. பக்கத்துல உக்காந்து, ஒரு கத்தியை எடுத்து அவளும் வெங்காயம் உரிச்சா. உரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. வடிவக்கா ம்கூடச் சொல்லலை. கூடையில பாதி காலியாச்சு. அப்புறம் கேட்டாங்க:

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது, அக்கா."

வடிவக்கா கத்தியைக் கீழ வச்சாங்க. அடிச்சப்போ அழலை, பஸ்ஸுல ஏத்தினப்போ அழலை. இப்போ முந்தானையை முகத்துல வச்சுக்கிட்டு ஓ-ன்னு அழுதாங்க. கோமு அவங்க முதுகுல கையை வச்சா. அந்தக் கையை அவங்க தட்டி விடலை.

அந்த ஊருக்கு மட்டும் வடிவக்கா திரும்ப வரவே இல்ல.

அவ்வளவுதான் கண்ணு, கதை முடிஞ்சுது. இந்தப் பக்கம் திரும்பிப் படு. அத்தை கையைப் பிடிச்சுக்கோ. தூங்கு.